நடுவில் நிற்பவரைத் திட்டாதீர்கள்

கராத்தே போட்டியில் அதிகம் திட்டு வாங்குகிறவர் நடுவில் நிற்கும் ரெஃப்ரி. பாயிண்ட் கொடுப்பதில் அதிகாரம் மிகக் குறைவாக இருப்பதும் அவருக்குத்தான். இது தெரியாமல்தான் நம் ஊர்ப் போட்டிகளில் பெற்றோர் பாதிப் பேர் தொண்டை கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

நான் மாவட்ட அளவிலான போட்டிகளில் மூலை ஜட்ஜாக உட்காருகிறவன். எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் களம், அதைச் சுற்றி ஒரு மீட்டர் பாதுகாப்புப் பட்டை. நான்கு மூலையிலும் நான்கு நாற்காலி. ஒவ்வொரு ஜட்ஜ் கையிலும் ஒரு சிவப்புக் கொடி, ஒரு நீலக் கொடி. சிவப்பு பெல்ட் கட்டியவர் அகா, நீல பெல்ட் கட்டியவர் ஆவோ. பழைய ஆட்களைக் கேட்டால் அகா, ஷிரோ என்பார்கள். அப்போது நீலத்துக்குப் பதில் வெள்ளை. இப்போதும் சில பாணிகளின் சொந்தப் போட்டிகளில் ஷிரோதான்.

விஷயம் இவ்வளவுதான். நான்கு ஜட்ஜுகளில் குறைந்தது இரண்டு பேர் ஒரே வீரருக்குக் கொடி தூக்கினால்தான் பாயிண்ட். இரண்டு கொடி மேலே வந்ததைப் பார்த்ததும் ரெஃப்ரி "யமே!" என்று கத்தி ஆட்டத்தை நிறுத்துகிறார். ஒரே ஒரு கொடி எழுந்தால் ஆட்டம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் நிற்பவரே தன் கண்ணால் அருமையான குத்து ஒன்றைப் பார்த்திருக்கலாம். ஆனாலும் மூலையிலிருந்து கொடி வரவில்லை என்றால் அவர் வாயை மூடிக்கொண்டு நகர வேண்டியதுதான். அந்த நேரத்தில் கேலரியிலிருந்து ஒரு அப்பா "ரெஃப்ரி, கண்ணு தெரியலையா?" என்று கத்துவார். ரெஃப்ரிக்குக் கண் தெரிகிறது. தெரியாதவன் மூலையில் உட்கார்ந்திருக்கிற நானாக இருக்கலாம். ஏனென்றால் குத்து விழுந்த அந்த நொடியில் எனக்கு எதிரே இருந்தது ஆவோவின் முதுகு.

அதற்காகத்தான் நான்கு மூலை. பழைய விதிகளில் ஜட்ஜுக்கு இதற்கென்றே ஒரு சைகை இருந்தது: இரண்டு கொடியையும் கண்ணுக்கு முன்னால் குறுக்காகப் பிடிப்பது. மியெனாய், எனக்குத் தெரியவில்லை. ஷோட்டோகான் என்ற பாணியின் போட்டிகளில் இன்றும் பார்க்கலாம். இத்தனை பேர் நடுவில் "நான் பார்க்கவில்லை" என்று சொல்ல அதிகாரபூர்வமாக ஒரு வழி வைத்த விளையாட்டு என்பதால் எனக்கு அந்தச் சைகை மேல் தனிப் பிரியம்.

சரி, ரெஃப்ரிக்கு அப்புறம் என்னதான் வேலை? ஆட்டத்தைத் தொடங்குவது, நிறுத்துவது, வீரர்களைப் பிரிப்பது, அடிபட்டால் டாக்டரைக் கூப்பிடுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூலைகள் சொன்னதை மொத்த அரங்கத்துக்கும் புரிகிற மாதிரி அறிவிப்பது. அவருடைய ஜப்பானிய வார்த்தைகளும் கைச் சைகைகளும் இதற்காகத்தான். உலகப் போட்டியில் ஈரான்காரர் ஒரு பக்கம், பிரேசில்காரர் ஒரு பக்கம், நடுவில் துருக்கி ரெஃப்ரி. மூவருக்கும் பொதுவாக இருப்பது இந்த முப்பது நாற்பது வார்த்தைகள். அதுவும் கூச்சலில் காதில் விழாது. அதனால் சொல்வதையெல்லாம் கையாலும் காட்டியாக வேண்டும்.

தொடக்கம் எளிது. "ஷோமென் நி ரெய்" என்றால் முன்பக்கம் நோக்கி வணக்கம். "ஓட்டாகாய் நி ரெய்" என்றால் ஒருவருக்கொருவர் வணக்கம். "ஷோபு ஹஜிமே" என்றால் ஆட்டம் ஆரம்பம். நடுவில் நிறுத்தித் திரும்பத் தொடங்கும்போது "ட்சுஸுகெட்டே ஹஜிமே". கடைசிப் பதினைந்து வினாடி இருக்கும்போது "ஆட்டோ ஷிபராகு". நம் ஊர் வகுப்புகளில் ஆறு வயசுப் பிள்ளைகள் இச்சி, நி, சான், சி, கோ என்று எண்ணியபடியே குத்துப் பழகுகிறார்கள். அவர்களுக்கு இதெல்லாம் கஷ்டமே இல்லை. திண்டாட்டமெல்லாம் பெற்றோருக்குத்தான்.

பாயிண்ட் விழுந்ததும் இருவரும் பழைய இடத்துக்குத் திரும்புவார்கள். ரெஃப்ரி நிமிர்ந்து நின்று, "ஆவோ, ஜோடான், ட்சுக்கி, யூகோ" என்பார். யார், எந்த இடம், எந்த அடி, எவ்வளவு என்ற வரிசை இது. நீலம், முகத்துப் பக்கம், குத்து, ஒரு பாயிண்ட். சூடான் என்றால் நடு உடம்பு, கெரி என்றால் உதை. யூகோவுக்குக் கை பக்கவாட்டில் நாற்பத்தைந்து பாகை கீழ் நோக்கி நீளும். வஸாரி என்றால் இரண்டு பாயிண்ட், உடம்பில் விழுந்த உதைக்கு. கை தோள் மட்டத்தில் நேராக நிற்கும். இப்போன் என்றால் மூன்று. தலைக்கு உதைத்தாலோ, எதிராளி கீழே விழுந்திருக்கும்போது சரியான அடி ஒன்றைப் போட்டாலோ கிடைக்கும். கை நாற்பத்தைந்து பாகை மேல் நோக்கி எழும். கீழே, நடுவே, மேலே. மூலையில் இருக்கும் கொடிகளும் இதே மூன்று உயரம்தான். எட்டு பாயிண்ட் வித்தியாசம் வந்துவிட்டால் நேரம் மிச்சம் இருந்தாலும் ஆட்டம் முடிந்தது.

இந்தப் பெயர்கள் எல்லாக் காலத்திலும் இதே அளவைக் குறித்ததில்லை. 2000-ஆம் ஆண்டை ஒட்டி உலகக் கராத்தே சம்மேளனம் வைத்த கணக்கில் இப்போன் ஒன்று, நிஹோன் இரண்டு, சான்போன் மூன்று. அன்றைக்குத் தலைக்கு உதைத்தவனுக்கு "சான்போன்!" என்று கத்தினார்கள். 2012-இல் யூகோ, வஸாரி, இப்போன் வந்தது. நேற்று வரை ஒரு பாயிண்ட்டாக இருந்த இப்போன் ஒரே நாளில் மூன்றாகிவிட்டது. ஷோட்டோகான் ஆட்களின் ஷோபு இப்போன் போட்டியிலோ கதையே வேறு. அங்கே வயிற்றில் இறங்கும் சுத்தமான ஒரு குத்துக்கே இப்போன், அதோடு ஆட்டம் காலி. இரண்டு வகைப் போட்டியிலும் ஆடுகிற பையன்கள் குழம்பாமல் இருப்பதுதான் ஆச்சரியம். குழம்புவது நாங்கள்தான். போன மாதம் வேறு சங்கத்துப் போட்டியில் உட்கார்ந்துவிட்டு வந்த ஜட்ஜின் கை, நல்ல குத்தைப் பார்த்ததும் தானாக மேலே போகும். பாதி வழியில் சுதாரித்துக் கீழே இறக்குவார். கொடி காற்றில் ஒரு அரை வட்டம் போடும்.

வார்த்தைகளில் பல ஜூடோவிலிருந்து வந்தவை. கராத்தே ஆசான் ஃபுனாகோஷி கிச்சின் 1922-இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோ வந்து, ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவின் பள்ளியான கொடோகானில் கராத்தேயைச் செய்து காட்டினார். வெள்ளை உடை, பெல்ட், டான் தரவரிசை எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதான். ஃபுனாகோஷிக்குப் போட்டிகளில் விருப்பம் இருந்ததில்லை. அவர் இறந்தது 1957 ஏப்ரலில். ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதல் அகில ஜப்பான் போட்டியை நடத்தியதும் அதே ஆண்டில்தான். குமித்தேயில், அதாவது நேருக்கு நேர் மோதும் பிரிவில், வென்றவர் கானசாவா ஹிரோகசு. யூகோவின் கதை இன்னும் வேடிக்கை. நாம் அதை எடுத்துக்கொண்ட சில வருஷத்தில், 2017-இல், ஜூடோக்காரர்கள் அதைத் தூக்கிப் போட்டார்கள். 2025-இல் திரும்பக் கூட்டிக்கொண்டார்கள்.

கை உயர்த்துவதற்கு முன் ஜட்ஜ் மனசுக்குள் பார்க்க வேண்டியவை ஆறு: அடியின் வடிவம், விளையாட்டு மனப்பான்மை, வேகமும் உறுதியும், விழிப்பு, நேரம், தூரம். மற்ற ஐந்தும் பார்த்தாலே பிடிபடும். விழிப்பு, அதாவது ஸான்ஷின், அப்படியில்லை. அடித்து முடித்த பிறகும் எதிராளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, திருப்பி அடித்தால் தாங்கத் தயாராக இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் நிறையப் பேர் பாயிண்ட்டைத் தொலைப்பது இங்கேதான். குத்து சரியாக விழும். விழுந்த மறு நொடியே கையைத் தூக்கிக்கொண்டு, முதுகைக் காட்டி, மாஸ்டர் பக்கம் திரும்பிவிடுவான். கொடி எழாது. "அடிச்சுட்டேனே மாஸ்டர்!" என்று அழுகிற குரல் வரும். அடித்தது உண்மை. அடித்துவிட்டு எதிராளியை மறந்ததும் உண்மை.

இனித் தண்டனைப் பக்கம். பாயிண்ட் கொடுக்கும்போது ரெஃப்ரியின் உள்ளங்கை விரிந்திருக்கும். தண்டிக்கும்போது ஆள்காட்டி விரல் மட்டும் நீளும். பல வருஷமாக இருந்த ஏணியில் முதல் படி சுகோக்கு. அடுத்தது கெய்கோக்கு, விரல் தவறு செய்தவரின் காலடியை நோக்கும். அடுத்தது ஹன்சோகு சூயி, விரல் நேராக வயிற்றை நோக்கும். கடைசி ஹன்சோகு, விரல் முகத்தை நோக்கி மேலே எழும். அதோடு ஆட்டம் தோற்றது. பாயிண்ட்டுக்கு இருந்த அதே மூன்று உயரத்தைத் தண்டனைக்கும் வைத்தவர் யாரோ, நல்ல மூளைக்காரர். அண்மைய திருத்தத்தில் கீழ்ப்படிகளின் பெயர்களை எடுத்துவிட்டு, சூயி என்ற ஒரே எச்சரிக்கையை மூன்று முறை என்று வைத்துவிட்டார்கள். கணக்குப் போட எளிது. எனக்கென்னவோ பழைய ஏணிதான் பிடித்திருந்தது.

எதற்காகத் தண்டனை என்பதையும் கையால் காட்ட வேண்டும். வெளியே கால் வைத்தால் ஜோகாய்: விரல் எல்லைக் கோட்டைக் காட்டும், மூலை ஜட்ஜ் கொடியால் தரையைத் தட்டுவார். இருவரும் சண்டை போடாமல் சுற்றிச் சுற்றி வந்தால், ரெஃப்ரி மார்புக்கு முன்னால் இரண்டு முஷ்டியையும் ஒன்றைச் சுற்றி ஒன்று உருட்டுவார். முதல் தடவை பார்க்கிறவர்கள் "மாவு பிசையற மாதிரி எதுக்குக் காட்டுறார்?" என்று கேட்பார்கள். தேவையில்லாமல் வாய் பேசினால் உதட்டில் விரல். அடியே படாமல் பட்டதாக நடித்தால், இரண்டு கையாலும் தன் முகத்தைப் பொத்திக் காட்டுவார். இந்த நடிப்புக்குத் தண்டனை கடுமை. அது தேவைதான். சின்ன வயசிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு உருளக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர்களை நானே பார்த்திருக்கிறேன்.

முபோபி என்று ஒன்று உண்டு. தன்னைக் காத்துக்கொள்ளாமல் கண்ணை மூடிக்கொண்டு பாய்வது, முகத்தைத் திறந்து போட்டு உள்ளே ஓடுவது. இதில் தண்டனை வாங்குகிறவர் அடித்தவர் இல்லை, அடிபடத் துணிந்தவர். ரெஃப்ரி தன் முகத்தைத் தொட்டுவிட்டு, கை விளிம்பை முன்னே திருப்பி இங்கும் அங்கும் அசைப்பார். மூக்கில் ரத்தத்தோடு நிற்கும் பையனுக்கே எச்சரிக்கை கொடுப்பதைப் பார்த்த அம்மா என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். விதி தெரியாதவர்களுக்கு இது அநியாயமாகத்தான் தெரியும்.

அநியாயமாகத் தெரிந்ததில் உலகமே பார்த்தது ஒன்று உண்டு. 2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ நிப்பான் புடோகான். ஆண்கள் எழுபத்தைந்து கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் ஒலிம்பிக் இறுதி. சவூதியின் தாரெக் ஹமேதி, ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்ஸாதே. ஹமேதி 4-1 என்று முன்னால் இருந்தார். ஜெயித்திருந்தால் சவூதி அரேபியாவுக்கு ஒலிம்பிக்கில் முதல் தங்கம். அவர் தலைப் பக்கம் ஒரு உதை விட்டார். கஞ்ச்ஸாதே அப்படியே சாய்ந்து, நினைவில்லாமல் தரையில் கிடந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். முடிவு: ஹமேதிக்கு ஹன்சோகு. தங்கம் நினைவில்லாமல் போனவருக்கு. தான் ஜெயித்த விஷயமே அவருக்குக் கண் விழித்த பிறகுதான் தெரிந்தது. ஹமேதி அழுதுகொண்டு நின்றார்.

அன்று என் போன் ஓயவில்லை. "நாக் அவுட் பண்ணினவன் தோத்தானா? என்னடா விளையாட்டு இது?" குத்துச்சண்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். இந்த வகைக் கராத்தேயில் தலைக்கு விடும் உதை முழு வேகத்தில் போக வேண்டும், ஆனால் தோலைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும். தொட்டால் மூன்று பாயிண்ட். கொஞ்சம் ஆழமாக இறங்கினால் எச்சரிக்கை. ஆளையே சாய்த்தால் ஹன்சோகு. உள்ளங்கைக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருப்பது ஓரிரு அங்குலம்தான். கியோகுஷின் பாணியில் கதை தலைகீழ். அங்கே முகத்தில் கையால் குத்தக் கூடாது, ஆனால் தலைக்கு உதைத்துச் சாய்த்தால் முழு இப்போன். ஹமேதி அதே உதையைக் கியோகுஷின் மேடையில் விட்டிருந்தால் சாம்பியன்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை தெரியவில்லை. விதிப்படி வேறு வழியே இல்லை. பலர் கவனிக்காமல் விட்டது இன்னொன்று: ஹமேதி வெள்ளிப் பதக்கத்தோடு மேடையில் நின்றார். காரணம், அவருக்குக் கிடைத்தது ஹன்சோகு, ஷிக்காக்கு இல்லை. ஹன்சோகு அந்த ஒரு ஆட்டத்தைப் பறிக்கும். ஷிக்காக்கு மொத்தப் போட்டியிலிருந்தே வெளியேற்றும். வேண்டுமென்றே தீங்கு செய்தால், ரெஃப்ரியை மதிக்காமல் நடந்தால், கராத்தேயின் மானத்தைக் கெடுத்தால்தான் அது. விரல் முதலில் மேல் நோக்கி ஆளைக் காட்டும். அப்புறம் வெளியே போ என்கிற மாதிரிக் கை அசையும். ஹமேதியிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, உதை கட்டுப்பாட்டை மீறிவிட்டது. நடுவர்கள் அந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததால்தான் வெள்ளி மிஞ்சியது.

அந்த இறுதி ஆட்டத்தால்தான் கராத்தே ஒலிம்பிக்கிலிருந்து போனது என்று இன்றும் சொல்கிறார்கள். தப்பு. 2024 பாரிஸுக்கான கூடுதல் விளையாட்டுப் பட்டியலை அமைப்பாளர்கள் 2019-இலேயே கொடுத்துவிட்டார்கள், அதில் கராத்தே இல்லை. 2020 டிசம்பரில் அது உறுதியும் ஆகிவிட்டது. டோக்கியோவில் எல்லாரும் சண்டை போட்டதே அது தெரிந்துதான்.

ஆட்டம் சமமாக முடிந்தால் என்ன? முன்பெல்லாம் கூடுதல் நேரம் கொடுப்பார்கள். இப்போது சென்ஷு. எதிராளி பாயிண்ட் எடுக்காத நிலையில் முதல் பாயிண்ட்டை எடுத்தவருக்கு அது கிடைக்கும். பாயிண்ட்டை அறிவித்ததும் ரெஃப்ரி "அகா சென்ஷு" என்று சொல்லி, முழங்கையை மடித்து, உள்ளங்கை தன் முகத்தைப் பார்க்கும்படி கையை உயர்த்துவார். ஸ்கோர் சமமானால் சென்ஷு வைத்திருப்பவர் ஜெயித்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிப் பதினைந்து வினாடி ஓடிக்கொண்டே இருந்தால் பிடுங்கிவிடுவார்கள். "சென்ஷு டொரிமசென்" என்று சொல்லி, இரண்டு கையையும் குறுக்கே வைத்து, உள்ளங்கை கீழ் நோக்க வெட்டி விலக்குவார். கடைசி நொடிகளில் கோட்டை ஒட்டி ஓடுகிற பிள்ளைக்கு அந்த வெட்டு விழும்போது அரங்கமே அலறும். சென்ஷு யாரிடமும் இல்லை, ஸ்கோரும் சமம் என்றால் கடைசி வழி ஹான்டெய். ரெஃப்ரி விசில் ஊதுவார், மூலைக் கொடிகள் ஒரே சமயத்தில் எழும், எண்ணிப் பார்த்து முடிவு. இந்த இடத்தில் மட்டும் ரெஃப்ரிக்கும் சேர்த்து ஒரு ஓட்டு உண்டு. குழுப் போட்டியில் தனி ஆட்டம் சமமானால் ஹிக்கிவாக்கே, சமன் என்றே விட்டுவிடலாம்.

கோச்சுக்கும் ஒரு ஆயுதம் கொடுத்திருக்கிறார்கள்: வீடியோ ரிவ்யூ. தன் வீரர் எடுத்த பாயிண்ட்டைக் கொடி தவறவிட்டது என்று தோன்றினால் கார்டைத் தூக்கலாம். சரியாக இருந்தால் பாயிண்ட். தப்பாக இருந்தால் கார்டு கையை விட்டுப் போகும். நம் மாவட்டப் போட்டிகளில் இதற்கெல்லாம் கேமரா கிடையாது. போனில் எடுத்த வீடியோவைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு ஓடிவரும் மாமாக்கள் உண்டு. அது செல்லாது.

பெரிய போட்டிகளில் இப்போது கொடிக்குப் பதில் ஜாய்ஸ்டிக் வந்துவிட்டது. ஜட்ஜ் கையைத் தூக்குவதே இல்லை. கட்டைவிரலை அழுத்தினால் போதும். வேகமானது, பக்கத்து ஜட்ஜைப் பார்த்துக் கொடி தூக்குகிற கள்ளத்தனமும் நடக்காது. ஆனால் கேலரியில் இருக்கும் அப்பாவுக்கு யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது இனிக் கண்ணுக்கே தெரியாது. அவருக்குத் தெரிகிற ஒரே ஆள் நடுவில் நிற்பவர். திட்டு இன்னும் கூடத்தான் போகிறது.